ஒரு பெயர், பல பதிப்புகள்: லினக்ஸில் பைத்தான், ஜாவா, நோட் குழப்பம் ஏன் வருகிறது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினிகளுக்குச் செலவில்லாத ஒரு வழி லினக்ஸ். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில், விண்டோஸோடு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு கதை. மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை பக்கம் அந்தக் கணினிகளில் ஒன்றில் இன்று ஒருவர் லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ டெபியனோ போட்டுக்கொண்டு நிரல் எழுத உட்கார்ந்தால், முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும். பைத்தான் மொழியை நிறுவியாகிவிட்டது, ஆனால் வேறு பைத்தான் ஓடுகிறதே, ஏன்?

கேள்வியில் ஒரு தவறான அனுமானம் இருக்கிறது. லினக்ஸ் கணினியில் ‘பைத்தானின் பதிப்பு’ என்று ஒன்றே ஒன்று இருப்பதில்லை. யார் கூப்பிடுகிறார்கள், எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். பாம்பனில் ஒரு கருவாட்டு மொத்த வியாபாரியின் கணக்கு மென்பொருள் ஜாவா 8-ல் எழுதப்பட்டது. அதைப் பார்த்துக்கொள்கிற கல்லூரி மாணவி, அதே கணினியில் பைத்தானில் ஒரு சின்ன நிரலும் வைத்திருக்கிறார். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல் நிலை முன்னறிவிப்பைக் காலை 4 மணிக்கு எடுத்து, நாட்டுப்படகு வைத்திருக்கும் உறவினர்களுக்கு அலை உயரத்தை அனுப்புவது அதன் வேலை. கல்லூரி புராஜெக்ட்டுக்கு, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் கருவியின் புதிய பதிப்பு வேண்டும். ஆக ஒரு கணினி, மூன்று கருவிகள், மூன்றுக்கும் வெவ்வேறு காலத்துப் பதிப்புகள்.

ஒரே பதிப்பு ஏன் போதாது?

லினக்ஸ் வெளியீடுகள் தங்கள் பொதிகளை, அதாவது கூடவே தரும் மென்பொருள்களை, ஒரு கட்டத்தில் உறைய வைத்துவிடும். உபுண்டு 22.04-ல் இருப்பது பைத்தான் 3.10, உபுண்டு 24.04-ல் 3.12. டெபியன் 12-ல் 3.11, டெபியன் 13-ல் 3.13. அந்த வெளியீட்டின் ஆயுள் முழுக்கப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், பெரிய பதிப்பு மாறாது. நிலைத்தன்மைக்காகச் செய்வது அது, குறை சொல்ல முடியாது. ஆனால் சில நேரம் கேலிக்கூத்தாகவும் முடியும்: உபுண்டு 22.04 தன் களஞ்சியத்தில் (பொதிகளை இறக்கிக்கொள்ளும் இணையக் கிடங்கில்) கொடுத்த நோட் 12-க்கு, அதை உருவாக்குபவர்களின் ஆதரவு 2022 ஏப்ரலோடு முடிந்தது. உபுண்டு 22.04 வெளிவந்ததும் அதே 2022 ஏப்ரலில்தான்.

புராஜெக்ட்களும் உறைகின்றன, வேறு வேறு இடங்களில். பைத்தான் 3.12-ல் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற பழைய தொகுதி நீக்கப்பட்டது. அதை நம்பியிருந்த நிரல்கள் நின்றன. நோட் 17-லிருந்து மறைகுறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3-ஆம் பதிப்பு வந்ததால், வலைப்பக்கக் கோப்புகளைத் தொகுக்கும் வெப்பேக் 4 வைத்த பழைய புராஜெக்ட்கள் ‘டிஜிட்டல் என்வலப்’ என்ற சொற்கள் வரும் புரியாத பிழையைக் கொட்டின. ஆரக்கிளின் ஜாவா 8-ல் கூடவே வந்த, திரைகளை வரையும் ஜாவாஎஃப்எக்ஸ், 11-ல் தனியாகப் பிரிந்துவிட்டது. நம் கருவாட்டுக் கணக்கின் திரைகள் ஜாவாஎஃப்எக்ஸில் எழுதப்பட்டிருந்தால், புதிய ஜாவா மட்டும் இருந்தால் அது திறக்கவே திறக்காது.

ஆகவே ‘எல்லாவற்றையும் புதிய பதிப்புக்கு மாற்றிவிடு’ என்ற அறிவுரை கேட்க நன்றாக இருக்கும், கடையில் வேலைக்கு ஆகாது.

பெயரைச் சொன்னால் எது வருகிறது?

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில், ‘பைத்தான்3’ என்று தட்டியதும், அதை வாங்கிக்கொள்ளும் ஷெல் ஒரு வரிசையில் தேடுகிறது. முதலில் அந்தப் பெயரில் புனைபெயரோ ஷெல் ஃபங்ஷனோ உண்டா என்று பார்க்கும். இல்லையென்றால் ‘பாத்’ என்ற சூழல் மாறியில் எழுதியிருக்கும் கோப்பகங்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் திறக்கும். அந்தப் பெயரில் முதலில் கிடைக்கும் கோப்பு ஓடும். அத்தோடு தேடல் முடிந்தது.

பாம்பன் கரையில் ஒரே மாதா பெயர் எழுதிய மூன்று படகுகள் நின்றால், பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கு வழியில் முதலில் நிற்கும் படகைத்தான் காட்டுவார்கள். சரியான படகு வேண்டுமென்றால் பதிவு எண்ணைச் சொல்ல வேண்டும். கணினியில் அந்தப் பதிவு எண் என்பது கோப்பின் முழுப் பாதை.

வழக்கமான ஏற்பாட்டில் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’ என்ற கோப்பகம் ‘/யூஎஸ்ஆர்/பின்’-க்கு முன்னால் இருக்கும். பின்னது வெளியீட்டின் பொதிகளுக்கு, முன்னது கணினியின் நிர்வாகி தானே நிறுவுபவற்றுக்கு. மூலநிரலிலிருந்து பைத்தானைக் கட்டி நிறுவினால் அது பெரும்பாலும் முன்னதில் போய் உட்கார்ந்து, பின்னதை மறைத்துவிடும். அழிப்பதில்லை, மறைக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு: மறைத்ததை முழுப் பாதை சொல்லி எப்போதும் கூப்பிடலாம்.

இன்னொரு சின்ன விஷயம், நிறைய பேரை அலைக்கழிப்பது. பாஷ் ஷெல் ஒரு கட்டளையை ஒருமுறை கண்டுபிடித்தால் அதன் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். புதிய பதிப்பை நிறுவிய பிறகும் அதே டெர்மினலில் பழையதே ஓடுவதற்கு இது ஒரு காரணம். ‘ஹேஷ் -ஆர்’ என்று கொடுத்தால் அந்த நினைவு அழியும். புதிய டெர்மினல் திறந்தாலும் போதும்.

கணினியின் பைத்தான் உங்களுக்கானது அல்ல

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

உபுண்டுவில் ‘/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3’ நிரலாளர்களுக்காக வைத்தது அல்ல, இயங்குதளம் தன் வேலைக்காக வைத்திருப்பது. டெர்மினல் ஜன்னலைத் திறக்கும் ‘க்னோம் டெர்மினல்’ கட்டளையே உபுண்டுவில் பைத்தானில் எழுதிய ஒரு சிறு நிரல். தவறாகத் தட்டிய கட்டளைக்கு ‘இந்தப் பொதியை நிறுவிப் பாருங்கள்’ என்று யோசனை சொல்வதும் பைத்தான்தான். இவை பயன்படுத்தும் ‘ஆப்ட்-பிகேஜி’ தொகுதி, அந்த வெளியீட்டின் பைத்தான் பதிப்புக்கு மட்டும் பொருந்தும்படி கட்டப்பட்டது.

இணையத்தில் கிடைக்கும் குறிப்பைப் பார்த்து ‘பைத்தான்3’ என்ற பெயரை வேறு பதிப்புக்குத் திருப்பிவிட்டால், ‘ஆப்ட்-பிகேஜி தொகுதி இல்லை’ என்ற பிழை வரும், டெர்மினல் திறக்காமல் போகும். சிலர் அடுத்த படியாகப் பழைய பைத்தானையே நீக்கிவிடுகிறார்கள். அதை நம்பியிருக்கும் பாதி டெஸ்க்டாப்பும் அதோடு போய்விடும்.

இந்தச் சிக்கலை ரெட் ஹாட் நிறுவனம் நேரடியாகவே எதிர்கொண்டது. அதன் லினக்ஸான ஆர்எச்இஎல் 8-ல் கணினியின் சொந்த வேலைக்கு ‘பிளாட்ஃபார்ம் பைத்தான்’ என்று தனியாக ஒன்றை ஒதுக்கி, பயனர் கண்ணில் படாத கோப்பகத்தில் வைத்தார்கள். டெபியன் குடும்பம் வேறு வழியில் போனது. ‘பெப் 668’ என்ற பைத்தான் தரக்குறிப்பின்படி டெபியன் 12-லும் உபுண்டு 23.04 முதலும் ஒரு பூட்டு வந்தது. கணினியின் பைத்தானில், நூலகங்களை இறக்கி நிறுவும் ‘பிப்’ கருவி மூலம் எதையாவது நிறுவப் போனால், ‘எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்று மறுத்துவிடும்.

மறுப்புச் செய்தியின் அடியில் அதைத் தாண்டும் வழியும் இருக்கும். கணினியின் பொதிகளை உடைத்துக்கொள் என்று சொல்லும் ஒரு தேர்வு அது. பெயரே எச்சரிக்கை. இருந்தும் முதல் தீர்வாக அதைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அன்றைக்கு வேலை முடியும். கணினி மேம்படுத்தும் நாளில், பொதி மேலாளர் வைத்த கோப்பும் ‘பிப்’ வைத்த கோப்பும் மோதும்.

சரியான வழி ‘வென்வ்’ எனப்படும் மெய்நிகர் சூழல். புராஜெக்ட் கோப்பகத்துக்குள் தனி நூலகங்களோடு ஒரு பைத்தான் சூழல் உருவாகும், கணினியின் பைத்தானைத் தொடாது. ஆனால் அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வென்வ் நூலகங்களைத்தான் பிரிக்கிறது, பைத்தான் பதிப்பைக் கொண்டு வருவதில்லை. எந்தப் பைத்தானிலிருந்து உருவாக்கினீர்களோ அதற்கான இணைப்பு மட்டும் உள்ளே இருக்கும். உபுண்டுவை 22.04-லிருந்து 24.04-க்கு ஏற்றினால் 3.10 போய்விடும், அதில் உருவாக்கிய வென்வ் எல்லாம் செத்துவிடும். பழுது பார்க்க முயல வேண்டாம், கோப்பகத்தை அழித்துவிட்டு மறுபடி உருவாக்குங்கள். அதற்காகத்தான் தேவையான நூலகங்களின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைக்கச் சொல்கிறார்கள்.

பதிப்புகளை அருகருகே வைக்க என்னென்ன வழிகள்?

1. ஆல்டர்னேட்டிவ்ஸ். டெபியனிலிருந்து வந்த ஏற்பாடு, ரெட் ஹாட் குடும்பத்திலும் உண்டு. ‘/யூஎஸ்ஆர்/பின்/ஜாவா’ உண்மையான கோப்பு அல்ல. அது ‘/எட்சி/ஆல்டர்னேட்டிவ்ஸ்’ கோப்பகத்தில் உள்ள ஓர் இணைப்பைக் காட்டும், அந்த இணைப்பு உண்மையான ஜாவாவைக் காட்டும். நடுவில் இருப்பதைத் திருப்பினால் கணினி முழுக்க, எல்லாப் பயனருக்கும் மாறும். ஜாவாவுக்கும், சி மொழி நிரல்களைத் தொகுக்கும் ஜிசிசிக்கும் இது பொருத்தம். உபுண்டு 24.04-ல் ஜாவா 8, 11, 17, 21 நான்கும் களஞ்சியத்திலேயே இருக்கின்றன, வெளியே தேட வேண்டாம். பைத்தானுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான்.

ஜாவாவில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஓட்டும் ‘ஜாவா’வும் தொகுக்கும் ‘ஜாவாசி’யும் தனித்தனி இணைப்புகள். ஒன்றை மட்டும் மாற்றினால் 21-ல் தொகுத்து 8-ல் ஓட்டுவீர்கள். அப்போது வரும் பிழையில் 65, 52 என்ற எண்கள் இருக்கும். இந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு கிடைக்கும்: 65 என்றால் 21, 52 என்றால் 8. அடுத்து, ஜாவா புராஜெக்ட்களைக் கட்டும் மேவன், கிரேடில் போன்ற கருவிகள் ‘ஜாவா ஹோம்’ என்ற சூழல் மாறியை முதலில் பார்க்கும். டெர்மினலில் ஜாவா 21 என்று காட்டும்போதே மேவன் ஜாவா 8-ல் கட்டிக்கொண்டிருக்க இதுதான் காரணம்.

2. வெர்ஷன் மேனேஜர்கள், அதாவது பல பதிப்புகளை நிறுவி மாற்றித் தரும் கருவிகள். நோடுக்கு ‘என்விஎம்’, பைத்தானுக்கு ‘பையென்வ்’, ஜாவாவுக்கு ‘எஸ்டிகேமேன்’, ரஸ்டுக்கு ‘ரஸ்ட்அப்’. பல மொழிகளுக்கும் சேர்த்து ‘ஏஎஸ்டிஎஃப்’, ‘மீஸ்’. எல்லாமே உங்கள் வீட்டுக் கோப்பகத்துக்குள் நிறுவுபவை. ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டாம், கணினியின் பதிப்புகளைத் தொடா. புராஜெக்ட் கோப்பகத்தில் பதிப்பு எண்ணை ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்தால், அந்தக் கோப்பகத்துக்கு எந்தப் பதிப்பு என்று அதைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.

உள்ளே இரண்டு வகை வேலைமுறை. என்விஎம் ஒரு ஷெல் ஃபங்ஷன். பதிப்பை மாற்றச் சொன்னால் அந்த டெர்மினலின் பாத்தையே மாற்றி எழுதும். பையென்வ் ‘ஷிம்’ எனப்படும் போலிக் கோப்புகளைப் பாத்தின் தொடக்கத்தில் வைக்கும். ‘பைத்தான்’ என்றதும் ஓடுவது அந்தப் போலிதான். அது பதிப்புக் கோப்பைப் படித்து, உண்மையான பைத்தானிடம் வேலையை ஒப்படைக்கும். நுணுக்கமான வேறுபாடு போலத் தெரியும், ஆனால் அடுத்த பகுதியில் வரும் தொல்லைக்கு வேர் இதில்தான் இருக்கிறது.

பையென்வ் பைத்தானை மூலநிரலிலிருந்து கட்டுகிறது. பழைய மடிக்கணினியில் நேரம் பிடிக்கும். கட்டுவதற்கு முன் ஓப்பன்எஸ்எஸ்எல் போன்றவற்றின் தலைப்புக் கோப்புகள் இல்லையென்றால், கட்டும் வேலை பிழையோடு நின்றுவிடும். ‘யூவி’ என்ற புதிய கருவி ஏற்கெனவே கட்டிவைத்த பைத்தானை இறக்கிக் கொடுக்கிறது. வேகம் குறைந்த கணினிக்கு அதுவே மேல்.

3. கன்டெய்னர்கள், நிக்ஸ். டாக்கர், போட்மேன் போன்றவை கருவியோடு அதன் நூலகச் சூழல் முழுவதையும் பெட்டிக்குள் வைக்கின்றன. நிக்ஸ் ஒவ்வொரு பதிப்பையும் அதன் உள்ளீடுகளிலிருந்து கணக்கிட்ட தனிக் குறியீட்டோடு வேறு வேறு கோப்பகத்தில் வைக்கிறது, எதுவும் எதையும் மறைக்காது. இரண்டும் சுத்தமான தீர்வுகள். ஆனால் பைத்தானின் முழு டாக்கர் இமேஜை விரித்தால் ஏறத்தாழ 1 ஜிபி. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணையம் பிடிக்கும் கடையில், இரண்டு பதிப்பு மாற்ற மட்டும் இது தேவையா? என் கணிப்பில் தேவையில்லை. தரவுத்தளம், வலைச் சேவையகம் எல்லாம் சேர்த்து ஒரே மாதிரி எழுப்ப வேண்டிய குழுவுக்கு அது சரி.

பகலில் ஓடுவது காலை 4 மணிக்கு ஏன் ஓடவில்லை?

நம் மாணவி டெர்மினலில் சோதித்தபோது அலை உயரம் சரியாக வந்தது. ‘கிரான்’ எனப்படும் நேர ஒழுங்கியில் 4 மணிக்கு ஓடச் சொன்னார். காலையில் செய்தி எதுவும் போகவில்லை. நிரலில் பிழை இல்லை. கூப்பிட்டவர் மாறிவிட்டார், அவ்வளவுதான்.

டெர்மினல் திறக்கும்போது ‘பாஷ்ஆர்சி’ கோப்பு படிக்கப்படுகிறது. என்விஎம், பையென்வ் எல்லாம் அதில் எழுதிய சில வரிகளால்தான் உயிர் பெறுகின்றன. கிரான் அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. டெபியன் குடும்பத்தில் கிரானின் பாத்தில் ‘/யூஎஸ்ஆர்/பின்’, ‘/பின்’ இரண்டு மட்டும்தான் வழக்கமாக இருக்கும். அதனால் கிரானுக்குக் கிடைப்பது கணினியின் பைத்தான், அதில் அவர் நிறுவிய நூலகங்கள் கிடையாது. பின்னணியில் ஓடும் ‘சிஸ்டம்டி’ சேவைகளுக்கும் இதே நிலை. நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் ‘சூடோ’ போட்டு ஓட்டினாலும் அது உங்கள் பாத்தை ஒதுக்கிவிட்டு, தன் அமைப்பில் எழுதியிருக்கும் பாதுகாப்பான பாத்தை எடுத்துக்கொள்ளும்.

1. பைத்தான் நிரலுக்கு: வென்வுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையைக் கிரானில் எழுதினால் போதும். ‘ஆக்டிவேட்’ செய்வது டெர்மினலில் தட்டச்சு குறைவதற்கான வசதி மட்டுமே, கட்டாயம் அல்ல.

2. நோட் நிரலுக்கு: நோடின் பொதி மேலாளரான ‘என்பிஎம்’-ன் முழுப் பாதை மட்டும் போதாது. அந்தக் கோப்பின் முதல் வரியே ‘பாத்தில் இருக்கும் நோடைத் தேடு’ என்கிறது. ஆகவே கிரான் கோப்பின் தலையில் பாத்தை முழுதாக எழுத வேண்டும். அங்கே ‘ஹோம்’ போன்ற மாறிகளை இட்டால் கிரான் அவற்றை விரிக்காது, எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளும்.

3. ஷிம் வகைக் கருவிகளுக்கு: ஷிம்மின் பாதை மாறாது என்பது வசதி. ஆனால் முதலில் புராஜெக்ட் கோப்பகத்துக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் பதிப்புக் கோப்பு அதன் கண்ணில் படாது.

எடிட்டர்களும் இதே சங்கிலியில் ஒரு கண்ணி. விஎஸ் கோடு தனக்கென்று ஒரு பைத்தானைத் தேர்ந்து வைத்திருக்கும். கீழே உள்ள டெர்மினல் ஒரு பதிப்பைச் சொல்ல, மேலே சிவப்புக் கோடு வேறொரு பதிப்பின் பேரில் விழும்.

பிழை வந்தால் எந்த வரிசையில் பார்ப்பது?

எதையும் மறுபடி நிறுவுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். மறுநிறுவல் பெரும்பாலும் நான்காவது பதிப்பைச் சேர்த்து, சிக்கலை இன்னும் இறுக்கிவிடும்.

1. ‘டைப் -ஏ’ கட்டளையோடு கருவியின் பெயரைக் கொடுங்கள். புனைபெயர், ஃபங்ஷன், பாத்தில் உள்ள எல்லாக் கோப்புகள் என்று வரிசையாகக் காட்டும். ‘விச்’ முதல் கோப்பை மட்டுமே காட்டும், ஃபங்ஷன் அதற்குத் தெரியாது. என்விஎம்மை ‘விச்’ கொண்டு தேடி, நிறுவப்படவில்லை என்று முடிவு செய்வது இப்படித்தான்.

2. கிடைத்த பாதை இணைப்பா, உண்மைக் கோப்பா என்று ‘ரீட்லிங்க் -எஃப்’ கொண்டு கடைசிவரை போய்ப் பாருங்கள்.

3. கருவியையே கேளுங்கள். பைத்தானுக்குள் ‘சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்’ எந்தக் கோப்பு ஓடுகிறது என்று சொல்லும். ‘பிப்’-ஐத் தனியாக அழைக்காமல் ‘பைத்தான் -எம் பிப்’ என்று அழைத்தால், இரண்டும் வேறு வேறு பைத்தானைச் சேர்ந்தவையாக இருக்கும் சிக்கலே எழாது.

4. தோல்வி நடந்த இடத்திலேயே இதே சோதனையைச் செய்யுங்கள். கிரானில் தோற்றால் கிரானிலிருந்தே பாத்தை ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். டெர்மினலில் பார்த்த விடை அங்கே செல்லாது.

பதிப்பு சரி, ஆனாலும் ஓடாது: ஜிலிப்சி

கல்லூரி ஆய்வகத்தின் உபுண்டு 24.04-ல் சி மொழியில் ஒரு நிரலைக் கட்டி, பென் டிரைவில் கொண்டுவந்து கடையின் உபுண்டு 22.04-ல் ஓட்டினால், ‘ஜிலிப்சி 2.38 கிடைக்கவில்லை’ என்பது போன்ற பிழை வரலாம். ஏறத்தாழ எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகம் ஜிலிப்சி. 22.04-ல் அது 2.35, 24.04-ல் 2.39. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்ற உத்தரவாதம் கிடையாது. நிரல் உள்ளே பயன்படுத்தும் வசதிகளைப் பொறுத்தது அது.

எந்த வெர்ஷன் மேனேஜரும் இதைத் தீர்க்காது, ஏனென்றால் அவை கருவியை மாற்றுபவை, அடிப்படை நூலகத்தை அல்ல. புதிய ஜிலிப்சியை இறக்கிப் பழையதன் மேல் வைப்பது கணினியை எழ முடியாமல் ஆக்கும். எளிய வழி இது: ஓட வேண்டிய கணினிகளில் எது பழையதோ அதில் கட்ட வேண்டும். ஆய்வகத்தில் 24.04 மட்டுமே இருந்தால், கன்டெய்னருக்குள் 22.04 எழுப்பி அதில் கட்டலாம். மேலே ஒதுக்கி வைத்த கன்டெய்னர் அந்த எடையைத் தாங்கிப் பயன்படுத்தத் தகுதியான இடம் இது.

பாம்பன் கணினிக்கு எது?

கணக்கு மென்பொருளுக்கு ஜாவா 8-ஐக் களஞ்சியத்திலிருந்து நிறுவி, மென்பொருளைத் தொடங்கும் சிறு ஷெல் நிரலில் அந்த ஜாவாவின் முழுப் பாதையை எழுதிவிடலாம். ஜாவாஎஃப்எக்ஸ் தேவையென்றால், அதைச் சேர்த்துத் தரும் ஜாவா 8 கட்டமைப்பு ஒன்றை ‘/ஆப்ட்’ கோப்பகத்தில் தனியாக வைக்க வேண்டியிருக்கும். ஆல்டர்னேட்டிவ்ஸில் எது இருந்தாலும் கடைக்காரருக்குக் கவலையில்லை. அலை நிரலுக்குக் கணினியின் 3.10-லிருந்து உருவாக்கிய வென்வ் தாராளமாகப் போதும், தனிப் பைத்தான் தேவையில்லை. கல்லூரி நோடுக்கு மட்டும் என்விஎம்மோ மீஸோ.

பழையதை நீக்குவதில் மட்டும் நிதானம் வேண்டும். வெர்ஷன் மேனேஜரில் ஒரு பதிப்பை அழிக்கும் முன், எந்தப் புராஜெக்ட்டின் பதிப்புக் கோப்பிலாவது, எந்தக் கிரான் வரியிலாவது அதன் எண் இருக்கிறதா என்று கோப்புகளுக்குள் சொல் தேடும் ‘கிரெப்’ கட்டளை போட்டுத் தேடிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கருவாட்டு வரத்தும் குறையும், கடைக் கணினிக்கும் வேலை குறையும். மேம்படுத்தலும் துப்புரவும் செய்ய அந்த 61 நாட்களே தோதானவை.